காற்றைத் தேக்கும் கலம்

திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தவர்கள் நம் முன்னோர். கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பிரித்தறிந்தனர். காற்றின் இயல்பறிந்து கடலில் கலம் செலுத்தியவர்களின் வழிவந்தவன் எனக் கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றுகிறார். இன்று அதே காற்று மின்சாரமாகி வீட்டுக்குள் வருகிறது. அன்று அதற்குத் தேவைப்பட்டது மரக்கலம். இன்று தேவைப்படுவது மின்கலம்.

மாணவர்களே! ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலுக்குச் சென்றவர்கள் முப்பந்தலில் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் மின்சாரம் நேரே மின்வாரியத்தின் கம்பிகளில் கலந்துவிடுகிறது. அதனைத் தேக்கிவைக்க வேண்டிய கவலை ஆலைக்கு உரியவருக்கு இல்லை. கம்பி எட்டாத தோட்டத்து வீட்டில் ஒரு கிலோவாட் அளவிலான சிறு காற்றாலையை நிறுவுபவரின் நிலை வேறு. காற்று அடிக்கும்போது அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவருக்கு விளக்கு வேண்டும்போது காற்று உறங்கிவிடலாம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மின்கலம். அதனைத் தவறாகத் தேர்ந்தால் காற்றாலை எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை.

காற்றின் ஓர் இயல்பை முதலில் மனத்தில் இருத்துங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் சோம்பிச் சுழலும் ஆலை, ஆறு மீட்டர் வேகத்தில் சீறி எழுகிறது. ஆகவே காற்றாலையின் மின்சாரம் ஓடையைப் போலச் சீராக வருவதில்லை. காட்டாற்றைப் போல ஒரு மணி நேரம் பெருகி வரும், மறு மணி நேரம் வற்றிவிடும். சூரியத் தகடு மாலையில் ஓய்ந்தாலும் மறுநாள் காலையில் விழித்துவிடும். காற்றுக்கு அப்படியொரு நேர அட்டவணை இல்லை.

மின்கலத்தை ஏரியாகக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஏரியின் கொள்ளளவை முடிவுசெய்வது வரும் நீரன்று. பாய வேண்டிய வயல். அதுபோல வீட்டின் தேவையை முதலில் கணக்கிட வேண்டும். ஒன்பது வாட் விளக்குகள் ஐந்து, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம்: 225 வாட்-மணி. இருபத்தெட்டு வாட் குறைமின் விசிறிகள் மூன்று, பத்து மணி நேரம்: 840. ஐம்பது வாட் தொலைக்காட்சி மூன்று மணி நேரம்: 150. சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு 900 என்று கொள்வோம். மொத்தம் 2115 வாட்-மணி. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரில் எட்டில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என வைத்துக்கொண்டால், மின்கலம் நாள்தோறும் ஏறத்தாழ 2400 வாட்-மணி, அதாவது 2.4 யூனிட் தர வேண்டும். காற்றில்லாத மூன்று நாள்களைத் தாங்க 7.2 யூனிட் தேவை.

எனவே 7.2 யூனிட் கொள்ளும் மின்கலத்தை வாங்கினால் போதுமா? போதாது. பலரும் இடறும் இடம் இதுவே. காரீய அமில மின்கலத்தை அடிவரை வடித்தால் அதன் ஆயுள் விரைந்து தேயும். பாதிக்குமேல் இறக்காமல் காப்பதே நல்லது. அப்படியானால் கொள்ளளவு 14.4 யூனிட் ஆக வேண்டும். பன்னிரண்டு வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் ஒன்று 1.8 யூனிட் கொள்ளும். எட்டு மின்கலங்கள் வேண்டும். நான்கு நான்காகத் தொடரிணைப்பில் 48 வோல்ட் ஆக்கி, அவ்விரு வரிசைகளையும் பக்க இணைப்பில் சேர்க்கலாம். பன்னிரண்டு வோல்ட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதே திறனை 48 வோல்ட்டில் கொண்டுசென்றால் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிறது. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் பதினாறில் ஒன்றாகிறது. உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து நீண்ட கம்பி இறங்கிவரும் வீட்டில் இது சிறிய வேறுபாடன்று.

மின்கலத்தின் மீது எழுதப்பட்ட ஆம்பியர்-மணியை எந்த வேகத்தில் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சி-20 என்றிருந்தால் இருபது மணி நேரம் மெல்ல வடித்து அளந்தது; சி-10 என்றிருந்தால் பத்து மணி நேரத்தில் வடித்தது. காரீய அமில மின்கலத்தை விரைந்து வடித்தால் அது தரும் மொத்த அளவு குறையும். எனவே 150 என்று எழுதிய இரண்டு மின்கலங்களும் ஒன்றல்ல. சி-10 என்ற குறிப்புடையதே மிகுதியாகக் கொள்ளும்.

ஆரல்வாய்மொழிக்கு அருகே தோட்டத்தில் வாழும் என் நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். முதலில் அவர் நான்கு பழைய லாரி மின்கலங்களை மலிவாக வாங்கி இணைத்தார். ஆடி மாதத்துக் காற்றில் வீடு ஒளிர்ந்தது. தை பிறப்பதற்குள் விளக்குகள் மங்கின. வண்டியின் மின்கலம் எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. நாள்தோறும் ஆழ இறங்கி ஏறும் வேலைக்கு அவை நைந்து உதிர்ந்துவிடும். அவ்வேலைக்கு உரியது குழாய்த்தகட்டு மின்கலம். கடைகளில் அதனை டியூபுலர் பேட்டரி என்பர். அதன் நேர்மின்வாய்ப் பொருள் துணை போன்ற குழாய் உறைகளுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உதிர்வதில்லை. மேலும், வயதில் வேறுபட்ட மின்கலங்களை ஒரே வரிசையில் கட்டியதும் நண்பரின் பிழை. நொண்டி மாட்டோடு நல்ல மாட்டை நுகத்தில் பூட்டினால் இரண்டும் கெடும்.

காரீய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் விலையும், பழுது பார்ப்போர் எங்கும் கிடைப்பதுமே. ஆயினும் காற்றாலையோடு அதற்கு ஒரு பிணக்கு உண்டு. மின்னிறக்கத்தின்போது தகடுகளில் காரீய சல்பேட்டு படிகிறது. முழுமையாக மின்னேற்றம் செய்தால் அப்படிவு கரைந்துவிடும். அரைகுறையாக ஏற்றி நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டியான படிகமாகி, மீளாது நின்றுவிடும். காரீய அமிலத்தின் இறுதி இருபது விழுக்காட்டு மின்னேற்றம் மிக மெதுவாகவே நிகழும்; சில மணி நேரம் இடையறாத மின்சாரம் வேண்டும். காற்றோ அத்தனை பொறுமை உடையதன்று. ஆகவே காற்றை மட்டும் நம்பிய காரீய மின்கலங்கள் பெரும்பாலும் மிகை உழைப்பால் அல்ல, பசியால் மடிகின்றன. கொள்ளளவு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று இரு மடங்கு வாங்குவோர், பசியை இரு மடங்காக்குகிறார்கள் என்பதே என் கருத்து.

லித்தியம் அயனி மின்கலத்துக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். அவ்வகையுள் வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலம். எளிதில் தீப்பற்றும் இயல்பு அதில் குறைவு. அரைகுறை மின்னேற்றம் அதனை வாட்டுவதில்லை. எண்பது விழுக்காடு வரை இறக்கலாம். ஆகவே நமது 7.2 யூனிட் தேவைக்கு 9 யூனிட் கொள்ளளவே போதும். நீரூற்ற வேண்டாம், எடையும் குறைவு. உறைநிலைக்குக் கீழே மட்டும் அதற்கு மின்னேற்றம் செய்யலாகாது. உதகையின் உறைபனிக் காலையைத் தவிர நமக்கு அது கவலையன்று.

விலை மிகுதி என்பது எல்லாரும் அறிந்த குறை. அறியாத குறை ஒன்று உண்டு. அதனை விளக்க நண்பரின் இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும். புதிய குழாய்த்தகட்டு மின்கலங்களை வாங்கிய பின், ஒரு காற்று மிகுந்த இரவில் அவை நிரம்பிக் கொதிப்பதைக் கண்டு, அவற்றைக் காக்க எண்ணிக் காற்றாலையின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். சூரியத் தகட்டை அப்படித் துண்டிக்கலாம். அது சும்மா இருக்கும். காற்றாலை சும்மா இராது. மின்சாரத்தை இழுக்கும் சுமையே அதன் கடிவாளம். சுமை நீங்கியதும் சக்கரம் கட்டற்றுச் சுழன்று, விடிவதற்குள் இறக்கை ஒன்று முறிந்து தோட்டத்தில் கிடந்தது. நல்ல வேளையாக அப்பக்கம் யாரும் செல்லவில்லை.

ஏரிக்குக் கலிங்கு இருப்பது எதற்கு? நிறைந்த பின் வரும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்கு. காற்றாலைக்கும் அத்தகைய கலிங்கு வேண்டும். மின்கலம் நிரம்பியதும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி மின்சாரத்தை ஒரு வெப்பச்சுருளுக்குத் திருப்பிவிட வேண்டும். அச்சுருள் நீரைச் சூடாக்கலாம், வெறுமனே காற்றையும் சூடாக்கலாம். காரீய மின்கலம் சிறிது மிகுந்தாலும் நீரைப் பிரித்து வளியாக்கிப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் மின்கலத்தினுள் இருக்கும் மேலாண்மைச் சுற்று பொறுப்பதில்லை. எல்லை மீறினால் நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். நண்பர் கையால் செய்ததை அது தானே செய்துவிடும். ஆகையால் கலிங்கு இல்லாத காற்றாலையில் லித்தியத்தைப் பொருத்துவது ஆபத்து. சுருளின் திறன் காற்றாலையின் உச்சத் திறனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பழுதுபார்க்க நிறுத்த வேண்டுமானால், காற்று தணிந்திருக்கும்போது மின்னாக்கியின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நிறுத்துவிசையைப் பயன்படுத்துவதே முறை.

எதை வாங்குவது என்ற வினாவுக்கு, வீட்டில் இருப்பவர் யார் என்று கேட்பேன். மாதந்தோறும் மூடியைத் திறந்து பார்க்கவும், வாலை வடிநீர் ஊற்றவும், திரவமானியால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கவும் ஒருவர் இருந்தால், குழாய்த்தகட்டு மின்கலம் உழைக்கும். குழாய் நீரோ, குறைந்த அளவைச் சரிசெய்ய அமிலமோ ஊற்றலாகாது. வார இறுதியில் மட்டும் திறக்கப்படும் வீட்டுக்கு, நல்ல கட்டுப்படுத்தியோடு கூடிய லித்தியமே தகும். வைக்கும் இடமும் முக்கியம். நான் என் வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தை மாடிப்படியின் கீழ், கதவடைத்த அலமாரியில் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். காரீய மின்கலம் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அது காற்றில் நான்கு விழுக்காட்டைத் தொட்டால் ஒரு சிறு பொறியும் போதும் என்பதைப் பிறருக்குக் கற்பித்துக்கொண்டே அப்படி வைத்திருந்தேன். காற்றோட்டமும் நிழலும் உள்ள திண்ணையே மேல். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் காரீய மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

எவ்வளவு செலவிட்டாலும் மின்கலத்தால் இயலாத ஒன்று உண்டு. மே முதல் செப்டம்பர் வரை கணவாயில் பாயும் காற்றை மார்ச்சு மாதத்துக்குத் தேக்கிவைக்க அதனால் ஆகாது. நாள்களைத் தாங்கலாம், பருவத்தைத் தாங்க முடியாது. நண்பர் இப்போது கூரைமேல் நான்கு சூரியத் தகடுகளைச் சேர்த்திருக்கிறார். காற்றற்ற மாதங்களில் வெயில் மின்கலத்தை நிரப்புகிறது. அவரது காரீய மின்கலங்களின் பசியும் தீர்ந்தது. உழைத்து ஓய்ந்த பழையவற்றை அவர் தெருவில் வந்த பழைய இரும்பு வணிகரிடம் கொடுக்கவில்லை. திறந்தவெளியில் காரீயத்தை உருக்கும் புகை, அருகில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை அவர் அறிவார். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் விடுகின்றன. பழையதைக் கடையில் ஒப்படைத்து, அதன் விலையைப் புதியதில் கழித்துக்கொண்டார். எட்டு மின்கலங்களையும் ஏற்றிச் செல்ல ஒரு சுமையுந்தும் இரண்டு ஆள்களும் தேவைப்பட்டனர்.