சிவப்பு வண்டியா, நீல வண்டியா?

மக்காச்சோளத்தை அடித்து மூடை ஏற்றி, கையில் கொஞ்சம் காசு புழங்குகிற மாசி, பங்குனியில் கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு கேள்வி ஊர் ஊராகச் சுற்றும். செகண்ட் ஹேண்டில் டிராக்டர் எடுக்கப் போகிறேன், எந்த வண்டி நல்ல வண்டி? சித்திரையில் கோடை உழவுக்கு வண்டி வாசலில் நின்றாக வேண்டும், அதனால் கேட்பவருக்கு அவசரம். அந்த அவசரம் விற்பவருக்கும் தெரியும்.

ஒரே டீக்கடை பெஞ்சில் மூன்று கட்சி உட்கார்ந்திருக்கும். 'டீசல் கம்மி, நாளைக்கு வித்தாலும் விலை நிக்கும்' என்பது சிவப்புக் கட்சி. 'இழுவை வேணும்னா நீலம்தான், எங்கய்யா வாங்குன வண்டி இன்னும் ஓடுது' என்பது நீலக் கட்சி. பச்சைக் கட்சியில் ஆள் குறைவு, சத்தம் அதிகம். நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள். கம்பெனிப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு டீலர் சந்தோஷப்படுவார், மற்ற நாலு பேர் ஆசிரியருக்குப் போன் போடுவார்கள். நிறத்தைச் சொன்னாலே கரிசலில் எல்லாருக்கும் விளங்கும்.

இந்த நிறச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் தயாரான முதல் டிராக்டர் 1959-ல் ஃபரிதாபாத்திலிருந்து வந்தது. அந்தப் பெயரை 2005-ல் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. செம்பியத்தில் அறுபதுகளிலிருந்து சிவப்பு வண்டி செய்துவருகிற அதே கம்பெனிதான். துர்காப்பூர் ஆராய்ச்சிக்கூடம் வரைந்து கொடுத்த வடிவத்தில் 1974 முதல் மொகாலியில் தயாரான வண்டி, 2007-ல் மும்பைக்காரர்கள் கைக்குப் போனது. அவர்களும் சிவப்பு வண்டிக்காரர்களே. ஆக, பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் சில நேரம் ஒரே முதலாளிக்காகத்தான் கத்துகிறார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, கம்பெனியே இல்லாமல் போன வண்டிகள். பழைய நீல வண்டியின் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி, தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே டிராக்டர் தொழிலை இன்னொருவருக்கு விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டது. செக் நாட்டு நுட்பத்தை வைத்து 1971 முதல் ஹரியானாவின் பிஞ்சூரில் பொதுத்துறையில் செய்த டிராக்டர், 2016-ல் அடியோடு நின்றது. ஆனாலும் அந்தக் காலத்து வண்டிகள் ஒன்றிரண்டு இன்றைக்கும் வயலில் இறங்குகின்றன. கம்பெனி கைவிட்ட வண்டியை யார் ஓட வைக்கிறார்? பக்கத்து ஊர் மெக்கானிக். எந்த பிராண்டு என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு என் பதிலும் அதுதான்: உங்கள் ஊருக்கு அரை மணி நேரத் தூரத்தில் எந்த வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, அந்த வண்டி.

இது சோம்பேறித்தனமான பதிலாகத் தோன்றினால் கரிசலின் கணக்கைப் பார்க்க வேண்டும். வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது. இந்த மண்ணில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களி, தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் நிலத்து வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை விழுந்த மறுநாள் அதே மண் டயரில் அப்பி முன்சக்கரத்தை உருளவிடாது. ஒரு வாரம் சுள்ளென்று வெயில் அடித்தால் கொழு இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நாள்தான் பதம். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கயத்தாறு என்று மானாவாரிப் பூமி மொத்தமும் அந்தச் சில நாளில் வண்டியை எதிர்பார்த்து நிற்கும். 1901-லிருந்து இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், பருவமழைக்கு முன்பே விதையைப் போட்டுவிடச் சொல்கிறது. அதைக் கேட்டு நடப்பவர்களுக்கும் உழவு முன்கூட்டியே முடிந்திருந்தால்தான் விதைப்பு. புரட்டாசியில் வண்டி மூன்று நாள் படுத்தால், உளுந்தும் பாசியும் அந்த மூன்று நாளோடு போனது. வாடகை உழவை நம்பிக் கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு, சொந்தக் காட்டு விதைப்போடு ஊரான் காட்டுக் காசும் சேர்ந்து போனது.

ஆற்றுப் பாசன ஊரில் மதகு திறந்திருக்கும்வரை, இன்றைக்கு விட்டதை நாளைக்கு உழுதுகொள்ளலாம். அங்கே பிராண்டு பார்த்து வாங்குவது ஒரு சொகுசு. இங்கே அது கட்டாது.

மெக்கானிக்குக்கு அடுத்தபடி நான் பார்க்கச் சொல்வது நம்பர் பிளேட். கைமாறினாலும் மாநிலத்துக்குள் வண்டி நம்பர் மாறாது, அதனால் வண்டி எங்கே முதலில் வேலைக்கு இறங்கியது என்று பிளேட்டே சொல்லிவிடும். டி.என். 96 என்றால் நம் கோவில்பட்டி, 67 என்றால் விருதுநகர். பெரும்பாலும் புழுதியில் ஓடியிருக்கும். 49, 50, 51 என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்து நம்பர் வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கேஜ் வீல் மாட்டித் தொளியில் உழன்ற வண்டியில் பின் ஆக்சில் சீல், பிரேக், முன்சக்கர பேரிங் எல்லாம் சேற்றுத் தண்ணீரைப் பார்த்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஆயில் வெளுத்திருக்கும். தூத்துக்குடி நம்பரான 69-லும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வண்டியா, ஓட்டப்பிடாரம் பக்கத்து வண்டியா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முன்னது நெல், பின்னது மானாவாரி. ஒரே நிறத்தில், ஒரே வருடத்து மாடலில் இந்த இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம், சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

நாலாட்டின்புதூர்ப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போன மெக்கானிக்கோடு நானும் ஒட்டிக்கொண்டேன். அறுபதைத் தொட்டவர், பேச்சு குறைவு. விற்பவர் 'வாங்க அண்ணாச்சி' என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் போய் என்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

'காலையிலயே ஓட்டிட்டீகளோ?'

'டீசல் போடப் பங்குக்குப் போயிட்டு வந்தேன், அண்ணாச்சி.'

'சரி, ஆறட்டும்.' வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சூடாக்கி வைத்த வண்டி ஒரே சாவியில் கிளம்பிவிடும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து முதல் சாவியில் வெள்ளைப் புகையும் திக்கலும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றச் சொன்னார். திறந்த வாய் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி, ரீபோர் செலவு நிச்சயம். இதில் லேசான ஆவிதான். ஒன்பது கலப்பையை லிஃப்டில் தூக்கச் சொல்லி, என்ஜினை அணைத்துவிட்டு, 'ஒரு டீ குடிப்போம்' என்றார். டீ குடித்து வந்து பார்த்தபோது கலப்பை ஒரு சாண் இறங்கியிருந்தது. ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. கடைசியாக வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, டிரெய்லர் மாட்டும் ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றினார். அது வட்டமாக இல்லை. முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. 'உழவுக்கு மட்டும்தான் ஓட்டுனேன்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், 'செங்கல் ரெண்டு வருசம் அடிச்சோம்' என்று இறங்கி வந்தார். அவர் மட்டுமா இறங்கினார், விலையும்தான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் மெக்கானிக் பானட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்க்கவே இல்லை. மணி மீட்டர் ஓடாததற்கும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஓடாத மீட்டர்தான் சகஜமாம். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்மானத்தைப் பார்த்துத் தோராயமாக ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்.

பிராண்டுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. மறுவிற்பனையில் சிவப்புக்குக் கிராக்கி அதிகம், அதனாலேயே வாங்கும்போதும் கூடக் கொடுக்க வேண்டும். கிராக்கி குறைந்த நிறத்தில் அதே காசுக்கு இரண்டு வருடம் இளைய வண்டி கிடைக்கும். சாமான் கோவில்பட்டிக் கடைகளில் கிடைக்கிற நிறம் என்றால் தாராளமாக எடுக்கலாம். கிளட்ச் பிளேட்டுக்கு மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய வண்டி என்றால் சும்மா கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

எதற்குப் பழசு, புதுசே எடுத்துவிடலாமே என்பவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகு அந்தக் குரல் பலமாகியிருக்கிறது. உழவன் செயலியில் வாடகைக்கு எடுங்கள், வாங்கவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பதம் வந்த நாளில் எல்லாரும் ஒரே வண்டிக்குத்தான் பதிவு செய்வார்கள் என்பதோடு அந்த யோசனையை விட்டுவிடலாம்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். அந்த அறுபது வயதுக்காரரின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான். இரண்டு பையன்கள் வந்தார்களாம், ஆறு மாதத்தில் ஒருவன் செல்போன் கடைக்கும் இன்னொருவன் டெலிவரி வேலைக்கும் போய்விட்டார்கள். 'மெக்கானிக் டிராக்டர்' என்று ஐ.டி.ஐ.யில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. படித்தவர்கள் ஷோரூம் சர்வீசுக்குப் போகிறார்கள், மாதச் சம்பளமும் யூனிஃபார்மும் கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஷோரூமில் பதினைந்து வருடத்துப் பழைய பெட்டியைப் பிரிக்கக் கற்றுத்தர மாட்டார்கள். நாகலாபுரம், பசுவந்தனை மாதிரி ஊர்களில் ரோட்டோரத்துக் கொட்டகையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிற ஆட்களின் வயதை விசாரித்துப் பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே சொல்கிறவர் அபூர்வம்.

வண்டிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்தது. அந்த விதிக்கு ஏற்ற என்ஜின்களில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் லேப்டாப்பை மாட்டித்தான் என்னவென்று தெரியும். நம் ஊர் மெக்கானிக்கிடம் இருப்பது காதும் உள்ளங்கையும். கரிசலில் அதிகம் ஓடுகிற 40, 45 எச்.பி. வண்டிகள் அந்த விதிக்குள் வரவில்லை, இன்னும் பழைய பம்பும் நாசிலும்தான். சின்ன வண்டிக்கும் ஒருநாள் விதி வரும். அப்போது பழைய பம்பு வண்டிகளுக்கு விலை ஏறும், அதைத் தொடத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இப்போது ஐந்து லட்சத்துக்கு நிறம் பார்த்து வண்டி எடுக்கிறவர், பத்து வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறார். அவருடைய மெக்கானிக் இன்னும் பத்து வருடம் ஸ்பானர் பிடிப்பாரா என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

காகித விஷயம் எல்லாரும் அறிந்ததே. ஆர்.சி. புக்கில் பைனான்ஸ் பெயர் இருந்தால் அது ரத்தாகி வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. 29, 30 நம்பர் படிவங்களோடு, பைனான்ஸ் ரத்துக்கான 35-லும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

மெக்கானிக் விஷயத்துக்குத்தான் வழி தேட வேண்டும். ஊருக்கு ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்திருக்கின்றன. டிரோன் வாங்குகிறார்கள், வாடகை மையம் திறக்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனுக்கு இரண்டு வருடம் மாதாமாதம் படியளந்து இந்த மாதிரி ஒரு பட்டறையில் உட்கார வைக்கலாம். நாலாட்டின்புதூர் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். 'அனுப்புங்க, ஆனா புரட்டாசிக்கு முன்னால அனுப்புங்க' என்றார்.