துறைமுக நகருக்கு ஒருநாள் டூர்!

லீவு விட்டால் எங்கே போகலாம் என்று திருவண்ணாமலை வீடுகளில் பேச்சு எழுந்தால், "சென்னை!" என்று ஒரு குரல் கேட்கும். பீச், பஜ்ஜி எல்லாம் இருக்கட்டும். இந்த முறை அங்குள்ள பழைய பொருட்களைப் பார்க்க ஒருநாள் ஒதுக்குங்கள். அவை உங்கள் ஊரையே புதிதாகக் காட்டும்!

போவது சுலபம். 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து வேலூர் வழியாக சென்னை கடற்கரை ஸ்டேஷனுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. அங்கே இறங்கினால் பக்கத்திலேயே துறைமுகம்.

எம்டன் போட்ட குண்டு

"அவன் சரியான எம்டன்" என்று தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப் போர் நடந்தபோது, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு அருகே வந்து, துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. பயந்துபோன பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். அந்தப் பயம்தான் தமிழில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது! இதைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதில் சுவரில் இருக்கிறது.

அடுத்து, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1948ல் திறக்கப்பட்டது. பழைய வாள், துப்பாக்கி, சீருடை, நாணயங்களைப் பார்க்கலாம்.

மூன்று கை ஏன்?

கோட்டை ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் எழும்பூர். அங்குள்ள அரசு அருங்காட்சியகம் 1851ல் தொடங்கப்பட்டது. ராட்சதத் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, வெண்கலச் சிலைகளிடம் போங்கள்.

கார்த்திகை தீபத்தன்று உங்கள் ஊரில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள்தான் காட்சி தருவார். கூட்டத்தில் எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விடுவார், இல்லையா? இங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த 11ஆம் நூற்றாண்டு அர்த்தநாரீஸ்வரர் சிலை இருக்கிறது. ஆசைதீரப் பார்க்கலாம். கைகளை எண்ணுங்கள். மூன்று! சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று.

ஒவ்வொரு பொருளின் அருகிலும் உள்ள அட்டையில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். பெரும்பாலானவை உங்கள் ஊர் போன்ற ஊர்களில் கிடைத்தவைதான்.

நாய்க்கு ஒரு கல்

ஊர் திரும்பியதும் டூர் முடியவில்லை! தண்டராம்பட்டு அருகே எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. சுமார் 1,400 வயது. மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு இறந்த வீரனோடு, அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்!

செங்கம் பக்கம் இப்படிப் பல நடுகற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. சாதாரணக் கல் என்று நினைத்து யாராவது உடைத்துவிட்டால், கோவிவன் போன்றவர்களின் கதையும் போய்விடும். எழுத்தோ உருவமோ உள்ள கல்லைப் பார்த்தால் சுரண்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

கவனியுங்கள்!

* இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.
* எதையும் தொடாதீர்கள். கையில் உள்ள வியர்வை உலோகத்தை அரிக்கும்.
* நோட்டு, பென்சில் அவசியம். பிடித்த ஒரு பொருளையாவது வரைந்து வாருங்கள்.

என்ன, கிளம்பலாமா?