மஞ்சள் தீ காத்திருக்க... நீலத் தீ வேலை செய்ய! லேபுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

காரைக்குடியில் 'சிக்ரி' என்று சொன்னால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் செல்லப் பெயர் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

இப்படி ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் கனவு, பள்ளிக்கூட லேபில்தான் பல பிள்ளைகளுக்குத் தொடங்குகிறது. அங்கே அவர்கள் முதலில் பழக வேண்டியது நெருப்போடு!

அடுப்படியில் இருக்கும் அறிவியல்

வீட்டு கேஸ் அடுப்பு சில நாள் மஞ்சளாக எரியும். பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கும். பர்னர் துளைகளை அம்மா சுத்தம் செய்ததும் பழையபடி நீலமாகிவிடும். காரணம், காற்று. எரிவாயுவோடு போதுமான காற்று முன்கூட்டியே கலந்தால் நீலத் தீ. கலக்காவிட்டால் எரியாத கரித்துகள்கள் சூடாகி ஒளிரும், அதுதான் மஞ்சள்.

லேபில் இருக்கும் புன்சன் பர்னரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் புன்சனுக்குப் புகையில்லாத, சூடான தீ தேவைப்பட்டது. 1855 வாக்கில், கருவிகள் செய்யும் பீட்டர் டெசாகா அதை உருவாக்கிக் கொடுத்தார். புன்சன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வேதிப்பொருள் வெடித்து ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர் அவர். லேபில் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவரே சாட்சி.

அந்தத் தெளிந்த தீயில் உப்பைக் காட்டினால் அதன் நிறம் தனித்துத் தெரியும். சோடியம் மஞ்சள், கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் இளம்பச்சை. இந்த ஒளியை ஆராய்ந்தே புன்சனும் கிர்ச்சாஃபும் 1860-61-ல் சீசியம், ரூபிடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். நம் பிள்ளைகள் பிராக்டிகலில் செய்யும் சுடர்ச் சோதனையும் இதன் வாரிசுதான்.

பற்றவைக்கும் முன்...

தலைமுடியை இறுகக் கட்டுங்கள். துப்பட்டாவைப் பின் குத்துங்கள். கண்ணாடி அணியுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுத் துளையை மூடிவிட்டு, முதலில் தீக்குச்சியைக் கிழித்து, பிறகு கேஸைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் தேங்கிய வாயு குப்பென்று பிடிக்கும்.

சூடாக்கும் நேரத்தில் மட்டும் காற்றுத் துளையைத் திறந்து நீலத் தீ வையுங்கள். அது சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஆனால், வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால்கூட மஞ்சள் தீக்கு மாற்றச் சொல்கிறார்கள். தீ குழாயின் அடிக்குள் இறங்கி எரிந்தால் உடனே கேஸை மூடி, பர்னர் ஆறிய பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.

ஸ்பிரிட் விளக்கு இன்னும் ஆபத்தானது. எரியும்போதோ, சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. அணைக்க வாயால் ஊதாதீர்கள், மூடியால் மூடுங்கள். ஆல்கஹால், ஈதர் போன்ற பற்றக்கூடிய திரவங்களுக்குத் தீயே பக்கத்தில் வரக் கூடாது. ஆசிரியர் சொல்லும் விதத்தில் ஹாட் பிளேட்டில் வைத்த வெந்நீர்த் தொட்டிதான் சரி.

சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக அசைத்தபடி சூடாக்குங்கள். அதன் வாய், உங்களையோ பக்கத்தில் நிற்கும் நண்பரையோ பார்க்க வேண்டாம். இன்னொன்று, சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லேபில் கை சுட்டுக்கொள்பவர்களில் பலர் ஏமாறும் இடம் இது. இடுக்கி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

கேஸ் வாசனை வந்தால்...

எல்.பி.ஜி-க்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் கெட்ட வாடை வீசும் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தேங்கும். ஸ்விட்சைத் தொடாமல், வால்வை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். வீட்டுக்கும் இதே விதிதான்.

சுட்டுவிட்டால்...

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108-ஐ அழையுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல், தரையில் படுத்து உருள வேண்டும்.

பயந்து ஒதுங்கும் பிள்ளையை லேபிலிருந்து விலக்காதீர்கள். இன்று மாலை அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர்களை அருகில் நிறுத்தி, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் காரணம் கேளுங்கள். பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும், அது பாதுகாப்புக்கு!