தட்டில் வளரும் செல்லுக்கு ஆக்சிஜனே வினை

ஆய்வகத் தட்டில் வளரும் மனித செல்லுக்கு மூச்சு முட்டுவதில்லை. காற்று அதிகமாகிப் போவதுதான் சிக்கல். நம் திசுக்களுக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் 1 முதல் 10 சதவீதம்தான். 37 டிகிரி இன்குபேட்டரிலோ, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு நீங்கலாக எல்லாம் வெளிக்காற்று. ஆக்சிஜன் 18 சதவீதத்தைத் தாண்டும். ஆய்வாளர் ஜூடித் கேம்பிசியின் குழு 2003-இல் சுண்டெலி செல்களை இரு விதமாக வளர்த்துப் பார்த்தது. 20 சதவீத ஆக்சிஜனில் இருந்தவை டிஎன்ஏ சேதமாகி, சில தலைமுறைகளிலேயே பிரிவதை நிறுத்திவிட்டன. 3 சதவீதத்தில் இருந்தவை பிரிந்துகொண்டே இருந்தன.

சேதம் நடப்பது இப்படித்தான்: மைட்டோகாண்ட்ரியாவில் நழுவும் எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டால் சூப்பராக்சைடு உருவாகும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாகும். பக்கத்தில் இரும்பு அயனி இருந்தால் ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துகளாகிவிடும். செல்சவ்வின் ஒரு கொழுப்பு மூலக்கூறை அது தாக்கினால் போதும், ஓலைக்குடிசைத் தெருவில் பிடித்த தீயாக அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்குச் சேதம் தாவும். வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜன் ஒன்றைக் கொடுத்து அந்தத் தொடரை அறுக்கிறது. அப்படிச் செலவான வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டெடுக்கிறது. பெராக்சைடை நீராக்கும் வேலை கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதிகளுடையது. பின்னதற்குச் செலீனியம் வேண்டும். அதனால்தான் சீரம் இல்லாத மீடியத்தில் (செல்லை வளர்க்கும் திரவத்தில்) அதைத் துளியளவு தனியே சேர்க்கிறார்கள். நிணநீர்ச் செல் வளர்ப்பவர்கள் மெர்காப்டோஎத்தனால் கலப்பார்கள். புட்டியைத் திறந்தாலே அழுகின முட்டை வாடை! ஆனாலும் குளூட்டாதயோன் செய்யத் தேவையான சிஸ்டீன் செல்லுக்குள் போக அது வழி செய்கிறது.

இத்தோடு முடிந்தால் சுலபம். சிங்கப்பூரில் ஆய்வாளர் பேரி ஹாலிவெல்லின் குழு கவனித்தது வேறு: வைட்டமின் சியையும் தேயிலையின் பாலிஃபீனால்களையும் சாதாரண மீடியத்தில் கலந்தால், செல்லே இல்லாத தட்டிலும் அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. காவலுக்கு வைத்தவனே கன்னம் வைக்கிற கதைதான். மீடியத்தில் பைருவேட் இருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும். அதனால் ஒரே மருந்து ஒரு மீடியத்தில் செல்லைக் கொல்லும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது.

‘கிரீன் டீ புற்றுநோய் செல்லைக் கொன்றது’ என்ற செய்திகளை நான் இதனாலேயே நிதானமாகப் படிப்பேன். அதே தட்டில் கேட்டலேஸ் சேர்த்துப் பார்த்தார்களா என்பதே என் முதல் கேள்வி. சேர்த்ததும் செல்கள் பிழைத்துக்கொண்டால், அவற்றைக் கொன்றது தேநீர் அல்ல, தட்டிலேயே உருவான பெராக்சைடு.