கொடுப்பனவை மறுத்தால் யாரிடம் போவது?

வெள்ளவத்தையில் வசிக்கும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குப் போக வேண்டியது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு. கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கு. குறைந்த வருமானமுள்ளவருக்கான இந்தத் தொகை 2025 ஏப்ரலில் மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. கொழும்பில் ஓர் அறை வாடகைக்கே காணாது. ஆனாலும் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் முச்சக்கர வண்டிக்கும் இதையே நம்பியிருக்கும் வீடுகள் உண்டு.

விண்ணப்பம் தள்ளுபடியானால்? லண்டனில் இருக்கும் உறவினர் என்றால் தனியான தீர்ப்பாயத்துக்குப் போவார். ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமையை அனுபவத்தில் அறிந்த ஒருவர் என மூவர் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பார்கள். அப்படி விசாரணைக்கு வரும் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கமே முடிகின்றன. கோப்பில் தெரியாதது ஆளைக் கேட்டால் தெரிகிறது.

இங்கே அப்படியொரு தீர்ப்பாயம் இல்லை. மேன்முறையீடும் அதிகாரிகளின் மேசைக்கே திரும்பிப் போகிறது. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவுக்குக் குடும்பங்களைத் தெரிவு செய்யும் 22 அளவுகோல்களும் வீடு, சொத்து, வருமானம், கல்வி, சுகாதாரம் என்று பார்க்கின்றன. ஒரு நாள் எழும்பி நடந்து, அடுத்த மூன்று நாளும் படுக்கையில் கிடப்பவரின் நிலை அந்தக் கட்டங்களில் முழுமையாக அடங்காது. மனநோயுடன் வாழ்பவரின் நிலையும் அப்படித்தான். “வந்து பார்த்தால்தானே தெரியும்” என்று மக்கள் சொல்லும்போது, பணம் கிடைக்காத கோபத்தை விட, தங்களை ஒருவரும் கேட்கவில்லை என்ற வேதனையே அதில் அதிகம்.

புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போக வழி இருக்கிறது. ஆனால் அங்குள்ள நீதிபதிகள் உங்கள் இயலாமையை அளந்து பார்ப்பதில்லை. அதிகாரி சட்டப்படி முடிவெடுத்தாரா என்று பார்ப்பார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். சமத்துவம் மீறப்பட்டதென்றால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். 1997 இல் வெளியான கருணாதாச எதிர் யூனிக் ஜெம் ஸ்டோன்ஸ் தீர்ப்பில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தெளிவாகச் சொன்னார்: ஒருவரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டால் மட்டும் விசாரணை ஆகிவிடாது, காரணத்தோடு கூடிய பரிசீலனையும் அவருக்கு உரியது. அது தொழில் ஆணையாளர் பற்றிய வழக்கு. ஒருவரின் மாத வாழ்வைத் தீர்மானிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்கு உயர் நீதிமன்றம் எட்டாத தூரம். சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா பொதுக் கட்டடங்களுக்குள் நுழையும் உரிமைக்காகத் தாமே வாதாடி 2011 இல் உத்தரவு பெற்றார். எல்லோரிடமும் அந்த வலிமையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதிகாரிகளிடமிருந்து விலகிய, மாற்றுத்திறனாளி ஒருவரும் அமரும் மேன்முறையீட்டுக் குழுவை அரசு அமைக்க வேண்டும்.

அதுவரை, வாய்வார்த்தைப் பதிலோடு திரும்பி வராதீர்கள். முடிவைக் காரணத்தோடு எழுத்தில், தமிழில் கேளுங்கள். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.