இருமுறை விக்டோரியா சிலுவை பெற்ற போர்க்கள மருத்துவர்

பிரிட்டனின் படைவீரர்களுக்குரிய வீர விருதுகளுள் தலையாயதான விக்டோரியா சிலுவை, 1856-இல் ஏற்படுத்தப்பட்டது முதல் இன்றுவரை மூவருக்கு மட்டுமே இருமுறை வழங்கப்பட்டுள்ளது; அம்மூவரில் இருவர் மருத்துவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. அவ்விருவருள் ஒருவரான கேப்டன் நோயல் ஷவாஸ், இரண்டு விருதுகளையும் முதல் உலகப் போரிலேயே பெற்ற ஒரே வீரர்.

1884-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்து, லிவர்பூல் ஆயரின் மகனாக வளர்ந்த அவர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார், பின்னர் மருத்துவரானார். போர் மூண்டதும் லிவர்பூல் ஸ்காட்டிஷ் என்னும் காலாட்படைப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார். பட்டாலியன் மருத்துவரின் இடம், முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்குச் சற்றுப் பின்னால் அமைந்த முதலுதவி நிலையம். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சர் தூக்குவோர் அங்கே கொண்டுவர, அவர் கட்டுப்போட்டுப் பின்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே நடைமுறை. ஷவாஸ் அதோடு நிற்காமல், விழுந்து கிடந்தவர்களைத் தாமே தேடிச் சென்றார்.

1916 ஆகஸ்டில், சோம் போர்க்களத்தின் கில்மோன்ட் என்னுமிடத்தில், பகல் முழுவதும் குண்டுவீச்சுக்கிடையே சிகிச்சை அளித்தவர், இரவில் எதிரியின் வரிசைக்கு முன்னாலிருந்த வெளியில் நான்கு மணிநேரம் காயமுற்றோரைத் தேடினார். மறுநாள், உயிருக்குப் போராடிய ஒருவரை 500 கெஜ தூரம் சுமந்து வரும் வழியில், எறிகணைச் சிதறல் அவரது விலாவில் பாய்ந்தது. அன்றிரவே இருபது தன்னார்வலர்களுடன் மீண்டும் சென்று, எதிரியின் பதுங்குகுழிக்கு 25 கெஜ தூரத்திலிருந்த பள்ளத்திலிருந்து மூவரை மீட்டதோடு, இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்கையிலேயே இறந்தவர்களின் அடையாள வில்லைகளையும் சேகரித்தார். பெயரும் படை எண்ணும் பொறித்த அந்தச் சிறு வில்லை கிடைக்காவிட்டால், மகன் இறந்தானா, சிறைப்பட்டானா என்பதறியாமல் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் தவிக்க நேரும். ஆகவே இச்செயலை மீட்புப் பணிக்கு ஒரு துளியும் குறைந்ததாகக் கருதவியலாது. இப்பணிகளுக்காகவே அவருக்கு முதல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியபோது, வீல்ட்யே அருகே காயமுற்ற வீரரைச் சுமந்து செல்கையில் படுகாயமடைந்தும், அவர் பின்களம் செல்ல மறுத்தார். ஏறக்குறைய உணவே இன்றி, மழையில் சேறான நிலத்தில் இரண்டு நாள்கள் தேடலைத் தொடர்ந்த அவர், மீண்டும் கடுமையாகத் தாக்குண்டு, ஆகஸ்ட் 4 அன்று பிராண்ட்ஹூக்கிலிருந்த போர்க்கள மருத்துவமனையில் உயிர்நீத்தார். அடுத்த மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டாவது விக்டோரியா சிலுவைக்குரிய சான்றுரை, அவர் தேடிச் செல்லாதிருந்தால் மாண்டுபோயிருக்கக்கூடிய பலர் பிழைத்ததைப் பதிவுசெய்கிறது.