வர்ணம் மட்டும் பார்த்தால் போதுமா?

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர், அறுபது வருஷத்துப் பழைய வீட்டுக்குப் புது வர்ணம் பூசிவிட்டு, வந்து பார்க்கும்படி அழைத்தார். போனேன். இளநீலம், கண்ணுக்கு நல்ல குளிர்ச்சி. ஆனால் விளக்கைப் போட்டதும் கூடத்துச் சுவரின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கொத்தனார் கரணையை இழுத்த இழுப்பு, ஆணி பிடுங்கிய குழி, பட்டி பார்த்த திட்டு எல்லாம் ஒன்று விடாமல் தெரிந்தன.

"நாலு நாள் யோசித்துத்தானய்யா இந்த வர்ணத்தைப் பொறுக்கினேன்!" என்றார் பரிதாபமாக.

வர்ணத்தின் பேரில் குற்றமில்லை, பளபளப்பின் பேரில்தான்.

கடையில் ஒரே நீலம் மூன்று நான்கு தினுசாகக் கிடைக்கும். மினுக்கே இல்லாதது 'மேட்'. பட்டுப்போல் லேசாக மின்னுவது 'சாட்டின்'. கண்ணாடி மாதிரி பளபளப்பது 'கிளாஸ்'. வர்ணப் பொடியும் அதைப் பிடித்து வைக்கும் பிசினும் சேர்ந்ததுதானே பெயிண்ட்? பொடி மிகுந்தால் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாக அமைந்து வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதற அடிக்கும், மேடுபள்ளம் மறைந்துவிடும். பிசின் மிகுந்தால் மேலே வழவழவென்று ஓர் ஆடை படியும். அழுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் சுவரின் குறை அத்தனையும் ஊருக்குத் தெரியும்.

சீலிங்கை யாரும் தொடுவதில்லை. அதற்கு மேட் போதும். படுக்கையறைக்கும் அதுவே நல்லது. ஆனால் கட்டிலின் தலைமாட்டில் தேங்காயெண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து வட்டமாக ஒரு கறை விழுகிறதே, அந்த இடத்துக்கு மேட் உதவாது. குழந்தைகள் கைவைக்கும் சுவருக்கும் அப்படித்தான். சாட்டின் பூசிவிட்டால் துடைக்கலாம். பழைய பள்ளிக்கூடங்களில் இடுப்பளவுக்கு எண்ணெய் வர்ணமும் அதற்கு மேல் வெள்ளையும் அடித்திருப்பார்கள். அழகு இல்லை என்று நாம் கைவிட்ட அந்த ஏற்பாட்டில் விவேகம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் சமையலறைக்குச் சாட்டினுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். கதவு, ஜன்னல், கிராதிக்கு எனாமல். அதில் விவாதமே இல்லை.

நண்பர் வீட்டுக் குளியலறையின் பின்சுவர் வேறு கதை. அங்கே பெயிண்ட் அப்பளம் போல் உப்பியிருந்தது. ஓதம்! சுண்ணாம்பு அடித்த சுவர் உள் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பளபளப்புப் பெயிண்ட் அதை மூடிப் பிடிக்க, ஈரம் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வருகிறது. கசிவை அடைத்து, சுவரை உலரவிட்ட பிறகே பெயிண்டைப் பற்றிப் பேச வேண்டும். புதுச் சுவருக்கும் பொறுமை தேவை. சிமெண்டிலுள்ள காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும். குறைந்தது ஒரு மாதமாவது காயவிட வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் பெயிண்டே இல்லாமல் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பை இழைத்து இழைத்து மெருகேற்றிய பளபளப்பு அது. சுவரைச் சமமாக்காமல் டப்பாவிலிருந்து அதை வாங்க முடியாது.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. கூடத்துப் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து, மேல் பூச்சு மேட் கொடுத்துவிடலாம் என்று பெயிண்டர் சொன்னாராம். கூடத்துக்குச் சரி. அதே கையோடு பழைய கதவுகளையும் தேய்க்கப் புறப்பட்டபோதுதான் நான் தடுத்தேன். பளிச்சென்ற நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் அந்நாளில் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதுண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-ல் பிறந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சைக் காய்ந்தபடியே தேய்த்தால் பறக்கும் தூளில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்க வேண்டும். தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நண்பர் வீட்டில் நாலு வயதுப் பேத்தி இருக்கிறாள். வேலை முடியும்வரை அவளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.